மாட்டுப் பொங்கலும் நன்றியறிதலின் கைவேலைகளும்

நன்றியறிதல் என்பது வாயினாற் சொல்லி முடிக்கத்தக்கதொன்றாக நம் குடியானவர்கள் ஒருகாலும் கொண்டதில்லை. எருதினிடம் சென்று நன்றி கூறினால் அதற்கு விளங்கப் போவதுமில்லை. கூறியவனுக்கு மனநிறைவு உண்டாகப் போவதுமில்லை. ஆதலால், சொல்ல வேண்டியதைக் கைவேலையாகச் செய்து காட்டும் வழக்கத்தை அவர்கள் மேற்கொண்டனர். வாயிலிற் கோலமாகவும், கொம்பில் வர்ணமாகவும், கழுத்தில் மாலையாகவும், தொழுவத்திற் சாணத்தாற் கட்டிய சிறு குளமாகவும் அந்நன்றி வெளிப்படுகின்றது. இவற்றைச் செய்பவர் எவரும் தம்மைச் சித்திரக்காரர் என்றோ சிற்பி என்றோ எண்ணிக்கொள்வதில்லை. ஆயினும் ஆண்டு முழுவதும் ஏரும் மண்வெட்டியும் அன்றி வேறொன்றையும் பிடித்தறியாத கைகள், தை மாதத்து இரண்டாம் நாளன்று நிறமும் வடிவும் தேடி நிற்பதை எந்தக் கிராமத்திலும் காணலாம்.

இக்கட்டுரையில் அக்கைவேலைகளுட் சிலவற்றையும், அவற்றால் கால்நடைகளுக்கு நேரும் நன்மை தீமைகளையும் எடுத்துக் கூறுவோம். தீமை என்ற சொல்லைக் கண்டு அன்பர்கள் வியப்புற வேண்டா. பொங்கல் கழிந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும், வயிறு உப்பி, அசைபோடுதலை நிறுத்திவிட்ட மாடுகள் கால்நடை மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்படுதல் ஆண்டுதோறும் நிகழ்வதே. அவற்றுட் சில பிழைப்பதில்லை. எந்தப் பிராணிக்கு நன்றி செலுத்த எண்ணினோமோ அந்தப் பிராணியே அதனால் மாளுமாயின், அதனினும் வருந்தத்தக்கது வேறு யாது?

வாயிலிலிருந்து தொடங்குவோம். மார்கழி மாதம் முழுவதும் வைகறையில் எழுந்து முற்றத்தைச் சாணநீர் தெளித்து மெழுகி, கோலமிட்டு, நடுவே சாண உருண்டையிற் பூசணிப் பூவைச் செருகி வைத்தல் நம் பெண்மக்களின் வழக்கம். சாணம் மாடு தந்தது. பூ கொல்லையின் கொடி தந்தது. மாவு வயல் தந்தது. உழவனுக்கு வேண்டிய மூன்றும் ஒரு சாண் இடத்திற்குள் அடங்கிவிடுகின்றன. தென் ஜில்லாக்களில் அச்சாணத்தையும் பூவையும் சேர்த்தே வறட்டியாகத் தட்டி உலர்த்தி வைத்துக்கொண்டு, தை மாதத்திற் சிறு வீட்டுப் பொங்கல் என்று ஒன்று கொண்டாடுவர். சிறு பெண்கள் களிமண்ணால் ஒரு சிறு வீடு கட்டி, அதற்கு வாயிலும் அடுப்பும் அமைத்துப் பொங்கலிட்டு, அப்பூ வறட்டிகளை ஆற்றில் விளக்குடன் மிதக்க விடுவார்கள். குழந்தைகள் விளையாட்டாகச் செய்வதெனினும், முப்பது நாளும் ஒன்றைச் சேர்த்து வைத்துப் பிறகு நீருக்கே திருப்பிக் கொடுக்கும் அச்செயலில் பெரியவர்கள் கற்க வேண்டியது உண்டு.

பூசணிப் பூவைக் குறித்து விவசாயம் சார்ந்த ஒரு குறிப்பும் சொல்ல வேண்டும். பூசணிக் கொடியில் ஆண் பூ, பெண் பூ என இருவகை தனித்தனியே பூக்கும். மெல்லிய நீண்ட காம்பின் மேல் நேராக நிற்பது ஆண் பூ. இதழ்களின் அடியிற் சிறு பிஞ்சுருண்டை காணப்படுவது பெண் பூ. காயாகப் போவது இதுவே. கோலத்திற்குப் பறிக்கும் சிறுவர்கள் இருட்டில் இவ்வேறுபாட்டை நோக்காமற் பறித்துவிடுவதால், மார்கழியிற் காய்ப்பு குறைந்ததென்று தாயார் குறைகூறுவதும் உண்டு. ஆண் பூக்களையே பறிக்கும்படி பழக்க வேண்டும். ஆண் பூக்கள் கொடியில் மிகுதியாகப் பூப்பதால் பெரும் நஷ்டம் நேராது. ஆயினும் எல்லாவற்றையும் பறித்துவிடலாகாது. காலைப் பொழுதிலேயே பூக்கள் விரிந்து, நண்பகலுக்குள் வாடிவிடும். அந்தச் சில நாழிகைக்குள் தேனீக்கள் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவிற்குக் கொண்டு சேர்த்தாலன்றிப் பிஞ்சு நில்லாது உதிரும். கொடிதோறும் சில ஆண் பூக்களை விட்டு வைப்பவர்களுக்குக் கோலத்திற்குப் பூவும் குழம்பிற்குக் காயும் ஒருங்கே கிடைக்கும்.

கோல மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பச்சரிசி மாவினால் இட்ட கோலத்தை எறும்பும் அணிலும் குருவியும் உண்ணும். இப்போது கடைகளில் விற்கும் வெண்மையான கற்பொடியை எதுவும் உண்ணாது. கோலம் பளிச்சென்று தோன்றுவதற்குக் கற்பொடி ஏற்றதே, மறுப்பதற்கில்லை. ஆனால் அரிசி மாவுக் கோலம் நண்பகலுக்குள் பாதி மறைந்து போவதைக் குறையென்று கொள்ளுதல் தவறு. அது மறைவதற்கென்றே இடப்படுவது.

இனித் தொழுவத்தினுட் புகுவோம். கொங்கு நாட்டிற் பட்டிப் பொங்கலன்று, தொழுவத்தின் நடுவே சாணத்தாற் கரை எடுத்துச் சதுரமாக ஒரு தெப்பக்குளம் அமைத்து, அதில் நீர் வார்த்து, ஆவாரம்பூ, சிறுபூளை முதலியவற்றை இட்டு, பொங்கல் படைத்த பின் கன்றையோ மாட்டையோ அதனுள் நடத்தி மிதிக்கச் செய்வது வழக்கம். ஒரு நாழிகை உழைத்துச் செம்மையாக அமைத்த குளம் ஒரு கணத்திற் குளம்படியில் அழிந்து போகும். கட்டியவர்கள் அதற்காக வருந்துவதில்லை. ஆரவாரம் செய்து மகிழ்கிறார்கள். தாம் செய்த அழகிய பொருளை மாட்டிற்கே கொடுத்துவிட்டோம் என்பது இதனினும் தெளிவாக எவ்வாறு விளங்கும்? அழிந்த குளத்தின் சாணம் எருக்குழிக்குச் செல்கிறது. எந்தப் பகுதியும் வீணாவதில்லை.

கொம்புக்கு வர்ணம் தீட்டுதல்

மாட்டுப் பொங்கலின் கைவேலைகளில் ஆண்மக்கள் மிகுந்த உற்சாகத்துடன் செய்வது இதுவே. காங்கேயம் எருதின் கொம்புகள் பருத்து, வெளிப்புறமும் பின்புறமுமாக வளைந்து செல்வதால், வர்ணம் தீட்டுவோனுக்கு அவை நல்ல இடமளிக்கும். பர்கூர் மாட்டிற்குச் செவ்வுடலில் வெண்புள்ளிகளை இயற்கையே இட்டு வைத்திருப்பதால், அதற்குமேல் அலங்காரம் செய்பவன் சற்று அடக்கத்துடன் செய்தாற் போதும். காவிரிக் கடைமடைப் பகுதியின் உம்பளாச்சேரி மாடுகளுக்கு இளமையிலேயே கொம்பை நீக்கிவிடுதல் பழைய வழக்கம். மொட்டை மாடு என்னும் பெயரே இதனால் வந்தது. அம்மாட்டை உடையவர்களின் கலைத்திறம் முழுவதும் மாலையிற் சென்று சேர்வதைத் தவிர வேறு வழியில்லை. முக்கூடற்பள்ளு போன்ற நூல்களில் மாடுகளின் பெயர்களை நிறத்தாலும் கொம்பின் வடிவாலும் வகுத்து அடுக்கிச் சொல்லியிருப்பதைப் படித்தவர்கள், நம் முன்னோர் மாட்டை எவ்வளவு கூர்ந்து நோக்கினர் என்பதை அறிவர். அவ்வாறு நோக்குதலே நன்றியின் முதற்படி என்று சொல்லத் தோன்றுகின்றது. கொம்பில் வர்ணம் தீட்டுபவன் அன்று ஒரு நாளாவது தன் எருதின் தலையை அருகிலிருந்து அரை மணி நேரம் பார்க்கிறான். கண்ணோரத்துப் புண், காதில் உண்ணி, மூக்கணாங்கயிறு அறுத்த காயம் ஆகியவை அப்போதுதான் பலர் கண்ணிற் படுகின்றன.

கொம்பு என்பது வெறும் மரக்கட்டை போன்றதன்று. மேலேயுள்ள ஓடு நம் நகத்தைப் போன்ற பொருளால் ஆனது. அதனுள்ளே இரத்த ஓட்டமுள்ள எலும்பு இருக்கின்றது. வளர்ந்த மாட்டில் நெற்றி எலும்பின் உட்குழி கொம்பின் உள்ளேயும் நீண்டு செல்லும். ஆகையாற் கொம்பை அழகுபடுத்தும் பொருட்டு ஆழமாகச் சீவுதலும், நுனியை அறுத்தலும் வலியையும் இரத்தப்பெருக்கையும் உண்டாக்கும். சீழ் பிடிக்கவும் இடமாகும். மேலே படிந்த அழுக்கைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி எண்ணெய் பூசினாலே போதுமான பளபளப்பு உண்டாகும். நம் நாட்டு எருதுகளிடம் கொம்புப் புற்று என்னும் நோய் மற்ற நாட்டு மாடுகளினும் மிகுதியாகக் காணப்படுகிறது. கொம்பை அடிக்கடி சீவுவதும் வர்ணம் பூசுவதும் இதற்கு ஒரு காரணமாகலாம் என்று மருத்துவ அறிஞர் சிலர் ஐயுற்றுள்ளனர். அஃது ஐயமேயன்றி நிறுவப்பட்ட முடிபன்று. ஆயினும் ஐயமுள்ள இடத்தில் அளவோடு நிற்பது நலம்.

வர்ணங்களில் எதைக் கொள்ளுவது என்பதே பெரிய கேள்வி. காவியும் சுண்ணாம்பும் மஞ்சளும் முன்னாளில் வழங்கின. சிற்சில ஊர்களில் உழக்கின் வாயைக் காவியிலே தோய்த்து மாட்டின் உடலில் வட்டம் வட்டமாகப் பதிப்பதும் உண்டு. இவை சில நாட்களிற் கரைந்து போகும். கதவிற்கும் ஜன்னலுக்கும் பூசும் எனாமல் பெயிண்டு வந்த பிறகு, ஆண்டு முழுவதும் அழியாதிருக்கிறதே என்று பலர் அதனையே வாங்கிப் பூசுகின்றனர். பெயிண்டுகளில் ஈயம் கலப்பது நெடுநாள் வழக்கமாயிருந்தது. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாதென்று 2016-ஆம் ஆண்டில் விதி செய்யப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் பழைய டப்பாவில் மீந்ததைக் கொம்பிற்குப் பூசுவதே கிராம வழக்கமாகையால், அவ்விதியை நம்பி மட்டும் இருந்துவிடலாகாது. மாடு தன் உடலையும் அருகிலுள்ள மாட்டையும் நக்கும் இயல்புடையது. பெயிண்டை நக்கி ஈய நஞ்சுக்கு ஆளாவதில் கால்நடைகளுள் மாடும் கன்றும் முன் நிற்கின்றன. கண் தெரியாமை, பல் நறநறத்தல், தடுமாற்றம், வலிப்பு ஆகியவை அதன் குறிகள். காவியும் சுண்ணாம்பும் போதும் என்பதே நமது அபிப்பிராயம். சில ஊர்களில் தாம் சார்ந்த கட்சியின் கொடி நிறத்தைக் கொம்பில் ஏற்றுவாரும் உளர். எருதிற்கு அவ்விஷயத்தில் யாதொரு அபிப்பிராயமும் இல்லையாகையால், அதைப் பற்றி நாமும் ஒன்றும் சொல்வதற்கில்லை.

நெட்டி மாலை

ஏரி, குளம் ஆகியவற்றின் நீர்நிலைகளில் நெட்டி என்னும் செடி வளர்கின்றது. அதன் தண்டு தக்கையைப் போல இலேசாயும், தோலை நீக்கினால் தூய வெண்ணிறமாயும் இருக்கும். தஞ்சையில் இதைக்கொண்டு கோயில் கோபுரங்களின் மாதிரிகளும் பொம்மைகளும் செய்வது புகழ்பெற்ற கைத்தொழில். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் அளிக்கப்பட்டது. இத்தொழிலின் மிக எளிய கிளையே மாட்டுப் பொங்கலுக்கான நெட்டி மாலை. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டை நாதசுரத்திற்குப் பெயர்பெற்ற ஊர் என்பதை யாவரும் அறிவர். மாட்டிற்கு நெட்டி மாலை கட்டுதலும் அவ்வூரின் தொழிலே. தண்டை வெட்டி உலர்த்தி, தோல் சீவி, துண்டு துண்டாக நறுக்கி, சாயமேற்றி, நாரிற் கோத்து மாலையாக்குகின்றனர். ஒரு குடும்பத்தில் முதியோர் முதற் சிறுவர் வரை அனைவருக்கும் அதில் ஒரு வேலை உண்டு.

இம்மாலைக்குப் போட்டியாக வந்திருப்பது பிளாஸ்டிக் மாலை. விலை மலிவென்றும், அடுத்த ஆண்டிற்கும் எடுத்து வைக்கலாமென்றும் சொல்லி வாங்குகின்றனர். மாடு மாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு அசையாது நிற்கும் பொம்மையன்று. அருகிலுள்ள மாட்டின் மாலையைத் தின்பதே அதற்கு விருப்பம். நெட்டி செடியின் தண்டாகையால் மண்ணில் விழுந்தால் மக்கிப் போகும். பிளாஸ்டிக்கும் நைலான் கயிறும் மாட்டின் முதல் வயிற்றில் தங்கி, திரண்டு உருண்டையாகி, ஆகாரம் செல்லும் வழியை அடைத்துவிடும். பல மாதங்கள் கழித்து மாடு காரணமின்றி இளைத்துக்கொண்டே வரும்போது, பொங்கலன்று அணிந்த மாலையை நினைப்பவர் எவர்? நெட்டி கிடையாத ஊரில் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் கட்டிய மாலை எல்லா வகையிலும் நல்லதே. நெட்டி மாலை வாங்குவோர் சிவப்பும் பச்சையுமாகக் கையில் ஒட்டும் சாயத்தைத் தவிர்த்து, வெண்மையானதையோ இளஞ்சாயமுடையதையோ கேட்டு வாங்குவார்களாக. எதுவாயினும் மாலைப் பொழுதிற் கழற்றிவிட வேண்டும்.

சோறு ஊட்டுதலில் அளவு

எல்லாவற்றினும் முக்கியமானது இது. பொங்கலிட்டதும் முதற் பிடியை மாட்டிற்கு ஊட்டுவது அழகிய வழக்கம். அதை விட்டுவிடச் சொல்லுவதற்கில்லை. துன்பம் எங்கே உண்டாகிறதென்றால், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தம் கையால் ஊட்ட ஆசைப்படுவதில். தகப்பனார் ஒரு பிடி, தாயார் ஒரு பிடி, விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் இரண்டு பிடி, அடுத்த வீட்டார் தம் பொங்கலிலிருந்து ஓர் இலை, மாலையில் ஊர்வலத்திற்கு வந்தவர்கள் வாழைப்பழமும் கரும்பும் வெல்லமும். ஒவ்வொருவர் கொடுத்ததும் சிறிதே. மாட்டின் வயிற்றிற் சேர்ந்தது ஒரு குண்டானுக்கு மேல். மிஞ்சிய சோற்றைத் தொட்டியில் கொட்டுவாரும் உளர். பாத்திரத்தை மூடாது வைத்துவிட்டுப் படுத்துறங்க, கட்டவிழ்ந்த மாடு அதனுள் முகத்தை விட்டுவிடுதலும் நேர்வதே.

மாட்டின் வயிறு நான்கு அறைகளாயுள்ளது. அவற்றிற் பெரிதான முதல் வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலையும் புல்லையும் ஜீரணிப்பது மாடு அன்று, அந்நுண்ணுயிர்களே என்று சொன்னாலும் பொருந்தும். அவை நார்ப் பொருளை மெதுவாகப் புளிக்கச் செய்து மாட்டிற்குச் சத்தாக்கித் தருகின்றன. சாதாரண நிலையில் அவ்வயிற்றின் கார அமிலக் குறியீடு 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும். திடீரென்று மிகுதியான சோறும் வெல்லமும் போய்ச் சேருமாயின், மாவுப் பொருளை விரைந்து புளிக்கச் செய்யும் வேறு நுண்ணுயிர்கள் பெருகி, பால் புளிப்பதில் உண்டாகும் அதே அமிலத்தை அளவிறந்து உண்டாக்கிவிடுகின்றன. குறியீடு 5-க்கும் கீழே இறங்கும். நார்ப் பொருளை ஜீரணித்து வந்த நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. வயிற்றின் அசைவு நிற்கின்றது. இரத்தத்திலிருந்து நீர் வயிற்றினுள் இழுக்கப்படுவதால் வயிறு நீரால் நிறைய, உடலோ வறண்டு போகும். அமிலம் இரத்தத்திற் கலந்தபின் மாடு தள்ளாடி விழும்.

இந்நோய் ஊட்டிய அன்றே தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் அன்றிரவோ மறுநாளோ வெளிப்படும். முதற் குறி, மாடு தீனியை வெறுத்து அசைபோடுதலை நிறுத்துவது. பின்னர் இடது வயிறு உப்பும்; வாயில் நீர் வடியும்; பல்லை நறநறக்கும்; சாணம் தண்ணீராகிப் புளித்த நாற்றம் வீசும்; கண் குழி விழும். கறவைப் பசுவானால் பால் சட்டென்று குறைந்துவிடும். படுத்த மாடு எழாவிட்டால் நிலைமை மிகவும் அபாயமானதென்று அறிய வேண்டும். இக்குறிகளில் ஒன்று தோன்றினும், மிச்சத் தீனியை அகற்றிவிட்டு, உலர்ந்த வைக்கோல் மட்டும் எதிரே வைத்து, உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். நல்லெண்ணெயும் கஷாயமும் மூங்கிற் குழாயால் வலிந்து ஊற்றுதல் கூடாது. தளர்ந்த மாடு விழுங்கமாட்டாது. ஊற்றியது மூச்சுக்குழலிற் சென்று நுரையீரலைக் கெடுக்கும். அமிலத்தை மாற்றுதற்குச் சோடா உப்புக் கொடுப்பது மருத்துவர் கையாளும் முறைகளில் ஒன்று. அதன் அளவு மாட்டின் எடையையும் நோயின் நிலையையும் பொறுத்ததாகையால், அவர் சொற்படி செய்தலே தக்கது. கால்நடை அவசர ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் தொலைபேசியில் அழைக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓர் இரவைக் கழித்ததாலேயே இழந்த மாடுகள் பல.

ஆனால் எப்படித்தான் ஊட்டுவது? வீட்டாரனைவருக்கும் பொதுவாக ஒரே பிடி என்று வைத்துக்கொள்ளலாம். அப்பிடியை எல்லாரும் தொட்டுக் கொடுத்து, ஒருவர் ஊட்டினாற் போதும். பேரப்பிள்ளைகளின் ஆசைக்குப் பசும்புல்லைச் சிறு சிறு கற்றையாக முடிந்து பூ வைத்துக் கையிற் கொடுத்தால், அவர்கள் எத்தனை முறை ஊட்டினாலும் தீங்கில்லை. கற்றையை அழகாக முடிவதற்கு அவர்களிடையே ஒரு போட்டியும் வைக்கலாம். சோறு ஊட்டுமுன் மாடு வைக்கோல் தின்றிருக்கும்படி பார்த்துக்கொள்வது நலம். சினைப்பசுவிடமும் கன்றிடமும் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

எருது இல்லாத வீடுகளைப் பற்றியும் சொல்லாமல் விடுதல் முறையன்று. இன்று உழவின் பெரும்பகுதி டிராக்டரால் நடைபெறுகிறது. அதனைக் கழுவிப் பொட்டிட்டுக் கரும்பும் மாவிலையும் கட்டுகிறார்கள். இதைக் கண்டு நகைப்பவர் உண்டு. நாம் அவர்களுடன் சேர்வதில்லை. உதவியதை நினைப்பதில் உயிருள்ளது உயிரில்லாதது என்ற பாகுபாடு உழவனிடம் என்றும் இருந்ததில்லை. ஏரையும் மண்வெட்டியையும் கழுவிப் பொட்டிட்டவர்களின் பேரர்கள்தாமே இவர்கள். ஆனால் அறுவடை இயந்திரம் வந்த பின் வைக்கோல் நொறுங்கி வயலெங்கும் சிதறிக் கிடக்க, அதைத் திரட்டாமல் கொளுத்திவிடுவோர் சிலர் இருப்பதுதான் வருந்தத்தக்கது. சம்பா அறுவடையும் மாட்டுப் பொங்கலும் அடுத்தடுத்து வருகின்றன. வைக்கோலை உருளையாகக் கட்டும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும் இடங்களில் அதனை அமர்த்தித் திரட்டி வைத்தால், தமக்கு மாடில்லாதவரும் மாடுள்ள அண்டை வீட்டாருக்கு விற்கலாம், அல்லது கொடுக்கலாம்.

முடிவாகக் கயிறு. மாட்டுப் பொங்கலன்று மூக்கணாங்கயிறும் கழுத்துக் கயிறும் புதிதாக மாற்றுதல் வழக்கம். அலங்காரம் அனைத்திலும் மாட்டிற்கு ஆண்டு முழுவதும் பயன்படுவது இதுவொன்றே. ஆகையாற் கடையில் அவசரமாக வாங்கும் நைலான் கயிற்றைவிட, நல்ல நூலையோ சணலையோ கொண்டு வீட்டிலேயே இரண்டு மூன்று நிறம் சேர்த்து முறுக்கிய கயிறு மிக உயர்ந்தது. கயிறு திரிக்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் பல ஊர்களில் இருக்கிறார்கள். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே அவர்களிடம் பிள்ளைகளை அனுப்பி வைத்தால், ஒரு மாலைப் பொழுதிற் கற்றுக்கொள்வார்கள். பழைய மூக்கணாங்கயிற்றை உருவுமுன் மூக்கின் துளையை வெந்நீரால் துடைத்து, புண்ணிருந்தால் ஆற விட்டுப் பிறகே புதியதைக் கோக்க வேண்டும். மூக்கருகில் வரும் முடிச்சு உறுத்தாதபடி மெல்லியதாகவும், கழுத்துக் கயிறு இரு விரல் நுழையும்படி தளர்வாகவும் இருக்கட்டும். மணி கட்டுவோர் அதன் விளிம்பு கூர்மையாயிருந்தால் அரத்தால் தேய்த்து விடுவார்களாக. அன்றிரவு படுக்கைக்குச் செல்லுமுன் விளக்குடன் ஒருமுறை தொழுவத்திற்குச் சென்று, மாலைகளைக் கழற்றிவிட்டோமா, சோற்றுப் பாத்திரம் மூடியிருக்கிறதா, ஒவ்வொரு மாடும் அசைபோட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருக.